கலைந்த குரலும் 1285 ஓட்டும்

வேட்டுச் சீமையில் வெள்ளித்திரை: 14

போன வாரம் நாடக நடிகர் விசுவநாததாஸை முருகன் வேஷத்தோடு சென்னை ராயல் தியேட்டர் மேடையிலேயே விட்டுவிட்டு வந்தோம். 1940 டிசம்பர் 31. ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் மயில்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. அதைப் படித்துவிட்டுச் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் போனில் கூப்பிட்டார். “அய்யா, சிவகாசியில பிறந்த மனுசன், இருபத்தொன்பது தடவை ஜெயிலுக்குப் போனவர்ங்கறீங்க. மேடை ஏறுனா ஊரே திரளும்ங்கறீங்க. இன்னைக்கு சிவகாசி பஸ் ஸ்டாண்டுல நின்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியலையே, அது ஏன்?”

நாடகம் போய்ச் சினிமா வந்ததுதான் காரணம் என்று சொல்லி வைத்தேன். போனை வைத்த பிறகுதான் அது பாதிப் பதில் என்று உறைத்தது. சினிமாவுக்குள் வந்து உச்சிக்கே போனவர்களும் காணாமல் போயிருக்கிறார்களே. மீதிப் பதிலைத் தேட விருதுநகரை விட்டுக் கொஞ்ச தூரம் வெளியே போய்விட்டுத் திரும்ப வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வெளியானது. சென்னை பிராட்வே தியேட்டரில் அந்தப் படம் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது என்று இன்றும் சொல்வார்கள். படத்தின் நாயகர் எம்.கே. தியாகராஜ பாகவதர் முதல் தீபாவளிக்கு மட்டும்தான் வீட்டில் இருந்தார். அந்த ஆண்டு டிசம்பர் கடைசியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். தண்டனையும் கிடைத்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். பாகவதர் நடித்து 1948-ல் வந்த ‘ராஜமுக்தி’ ஓடவில்லை. அடுத்து வந்தவையும் பழைய பாகவதரைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. 1959-ல் காலமாகும்வரை அந்த இறக்கம் நிற்கவே இல்லை. ஜெயில் கறைதான் காரணம் என்று நம் பெரியவர்கள் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படியானால் என்.எஸ்.கே. எப்படித் தப்பினார்? அதே வழக்கு, அதே சிறை, அதே விடுதலை. வெளியே வந்தவர் ‘நல்லதம்பி’யில் நடித்தார், ‘மணமகள்’, ‘பணம்’ என்று படங்களை இயக்கினார், ஜனங்கள் முன்னைவிடக் கூடுதலாகச் சிரித்தார்கள். ஆகவே கறை என்பது அவ்வளவு சரியான விளக்கமில்லை.

பாகவதர் உள்ளே இருந்த அந்த இரண்டேகால் வருஷத்தில் வெளியே சினிமா மாறிக்கொண்டிருந்தது. இதற்குச் சாட்சி சொல்ல நம் ஊர்க்காரர் ஒருவரே இருக்கிறார். 1947 பொங்கலுக்கு ஏவி.எம். எடுத்த ‘நாம் இருவர்’ வந்தது. ப. நீலகண்டன் எழுதி மேடையில் நடந்துகொண்டிருந்த நாடகம் அது. அதில் ஒரு கிழட்டு வியாபாரி வருவார். பேச்சிலேயே ஆளைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். அந்தக் கிழவருக்கு அப்போது வயது 21. பெயர் விருதுநகர் கந்தன் ராமசாமி. சினிமா அவரை வி.கே. ராமசாமி என்று சுருக்கிக்கொண்டது.

வி.கே.ஆரைப் பற்றித் தனியாகவே ஒரு வாரம் எழுத வேண்டும். இங்கே ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். கதாநாயகர்களுக்கு முடி கொட்டும், தொப்பை போடும், ரசிகன் முகம் சுளிப்பான். இருபத்தொரு வயதிலேயே கிழவராக உள்ளே நுழைந்தவருக்கு இழக்க இளமை எங்கே இருந்தது? ஐம்பது வருஷத்துக்கும் மேலாக அப்பாவாக, மாமனாராக, பண்ணையாராக, கஞ்சனாக உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். 2002-ல் மறைந்தபோது, அவருக்கு எப்போது வயதாயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. சம்சாரித்தனமான புத்திசாலித்தனம் அது. விருதுநகர்ப் புத்தி என்று சொன்னால் ஊர்ப்பற்று என்பீர்கள்.

விஷயத்துக்கு வருவோம். ஜனங்கள் தியேட்டருக்குப் பாட்டுக் கேட்கப் போனது குறைந்து, பேச்சுக் கேட்கப் போக ஆரம்பித்திருந்த காலம் அது. இரண்டு வருஷத்தில் ‘வேலைக்காரி’, ஐந்து வருஷத்தில் ‘பராசக்தி’. இன்னொரு பக்கம் பின்னணிப் பாட்டு வேரூன்றிவிட்டது. திரையில் வாயசைக்க ஒருவர், மைக் முன்னால் பாட ஒருவர் என்று ஆனபிறகு, பாடத் தெரிந்தவர்தான் நாயகனாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாகவதர் சிறையிலிருந்து வந்த அதே 1947-ல் ‘ராஜகுமாரி’ என்று ஒரு படம் வந்தது. முதல்முறையாகக் கதாநாயகன் வேஷம் கிடைத்தவர் எம்.ஜி. ராமச்சந்திரன். 1941-ல் பாகவதரின் ‘அசோக்குமா’ரில் சின்ன வேஷத்தில் வந்துபோனவர். ‘ராஜகுமாரி’யில் அவருக்காகப் பாடியவர் எம்.எம். மாரியப்பா. நாயகனான முதல் நாளிலிருந்தே எம்.ஜி.ஆரின் பாட்டு இன்னொருவர் தொண்டையில்தான் இருந்தது. இதை மனதில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். இருபது வருஷம் கழித்து அவிழ்ப்போம்.

1967 ஜனவரி 12. சென்னை ராமாவரம் தோட்டத்து வீட்டில் நடிகர் எம்.ஆர். ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆரின் காதோரம் பாய்ந்து கழுத்தில் நின்றது. ராதா தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள். எம்.ஜி.ஆருக்கு ஐம்பது வயது முடிய ஐந்து நாள் இருந்தது. ‘தாய்க்குத் தலைமகன்’ மறுநாள் வெளியாவதாக இருந்தது, அப்படியே வெளியானது. அடுத்த மாதம் தேர்தல். பரங்கிமலைத் தொகுதியில் தி.மு.க. வேட்பாளர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. கழுத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டு, படுக்கையில் உட்கார்ந்த கோலம். தமிழ்நாட்டுச் சுவர்களில் எல்லாம் அது ஏறியது. படத்தைப் படிக்கத் தெரிந்த ஊர் நம் ஊர். இந்த வட்டாரத்தின் அச்சுத் தொழிலே எழுத்துக்காகத் தொடங்கியதில்லை. 1922-ல் சிவகாசியிலிருந்து சண்முக நாடாரும் அய்ய நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் பழகி வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு லித்தோ பிரஸ் வேண்டும். அப்படி வந்த பிரஸ்தான் பிறகு வேட்டுக் கட்டுக்கு லேபிள், சாமி காலண்டர், சினிமா போஸ்டர் என்று வளர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்பிள்ளைகள்கூட லேபிளைப் பார்த்தே எந்தக் கம்பெனி என்று பிரித்து அடுக்குவார்கள். ஒரு படம் என்ன செய்யும் என்று அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

விருதுநகர்த் தொகுதியில் அந்தத் தேர்தலில் நின்றவர் காமராஜர். ஒன்பது ஆண்டு முதலமைச்சராக இருந்தவர், டெல்லியில் இரண்டு பிரதமர்கள் வரக் கைகொடுத்தவர். இதற்கு முந்தைய இரண்டு தேர்தலிலும் பக்கத்துச் சாத்தூரில் ஜெயித்தவர், இந்த முறை சொந்த ஊருக்கே வந்திருந்தார். எதிரே நின்றவர் பெ. சீனிவாசன், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மேலே வந்த மாணவர் தலைவர். நடிகர்கள் நாடாள முடியுமா என்பது காமராஜர் வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. விபத்தில் அடிபட்டு அவரும் அப்போது படுக்கையில்தான் இருந்தார். படுத்துக்கொண்டே ஜெயிப்பேன் என்று சொன்னதாக ஒரு பேச்சு ஊரில் இன்றும் உண்டு. அவர் சொன்னாரோ இல்லையோ, அந்தத் தேர்தலில் அதைச் செய்து காட்டியவர் எம்.ஜி.ஆர். தொகுதிப் பக்கமே போகாமல் 27 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டில் ஜெயித்தார். விருதுநகரில் காமராஜர் 1285 ஓட்டில் தோற்றார்.

1285 என்பது பொல்லாத எண். அவ்வளவு சிறிய வித்தியாசத்துக்கு ஊரில் ஆயிரம் பேர் சொந்தம் கொண்டாடுவார்கள். அரிசிப் பஞ்சம்தான் தோற்கடித்தது என்பார் ஒருவர். ரூபாய்க்கு மூன்று படி என்ற வாக்குறுதி என்பார் இன்னொருவர். 1965-ல் துப்பாக்கிச் சூட்டில் செத்த பிள்ளைகள் என்பார் மற்றொருவர். எல்லாமே உண்மை. அந்தக் கழுத்துக்கட்டுப் படம் தனியாக நின்று காமராஜரைத் தோற்கடித்ததாக நான் சொல்லமாட்டேன். சினிமாவைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு எல்லாமே சினிமாவாகத் தெரியும். அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் கழற்றி வைப்பது நல்லது. ஆனால் அந்தப் படம் வேறொரு வேலையைச் செய்தது. அது ஓட்டுப்பெட்டியில் இல்லை, செப்டம்பரில் தெரிந்தது.

எம்.ஜி.ஆர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். பேச்சு முன்போல் வரவில்லை. சொற்கள் குழறின, நாக்குப் புரள மறுத்தது. ஒரு நடிகருக்கு, அதுவும் மேடைப் பேச்சால் கட்சி வளர்த்த இயக்கத்தின் நடிகருக்கு, இதைவிடப் பெரிய அடி என்ன? வேறொருவரை வைத்து வசனம் பேச வைத்துவிடலாம் என்பது எளிய வழி. அவர் ஒப்பவில்லை, சொந்தக் குரலிலேயே பேசினார். 1967 செப்டம்பர் 7-ல் ‘காவல்காரன்’ வெளியானது. சத்யா மூவீஸ் தயாரிப்பு, இயக்கம் ப. நீலகண்டன். ஆமாம், நம் வி.கே.ஆரைக் கிழவராக்கிய ‘நாம் இருவர்’ நாடகத்தை எழுதிய அதே நீலகண்டன்தான்.

அந்தப் படத்தை இப்போது பார்க்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். குண்டடிக்கு முன்பே எடுத்த காட்சிகள் சில, பிறகு எடுத்தவை சில. ஒரே மனிதன் ஒரு காட்சியில் கணீரென்று பேசுவான், அடுத்த காட்சியில் வார்த்தை தொண்டையில் இடறும். அதே சட்டை, அதே ஜெயலலிதா எதிரே, குரல் மட்டும் வேறு. வேறு எந்த நடிகருக்கு இது நேர்ந்திருந்தாலும் தரை டிக்கெட்டில் விசில் வேறு மாதிரிக் கேட்டிருக்கும். ‘காவல்காரன்’ நூறு நாள் தாண்டி ஓடியது.

ஏன் ஓடியது? காதில் விழுவதற்கு முன்பே அந்தக் குரலின் காரணம் கண்ணில் பட்டிருந்தது. ஜனவரியில் சுவரில் பார்த்த வெள்ளைக் கட்டுக்கு உள்ளேயிருந்துதான் செப்டம்பரில் அந்தக் குரல் வந்தது. குழறலைக் கேட்டவனுக்குக் குறை தெரியவில்லை, காயம் தெரிந்தது. போஸ்டர் முன்னால் போய்க் காதைப் பழக்கி வைத்திருந்தது.

இப்போது முடிந்து வைத்ததை அவிழ்க்கலாம். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுவார்கள். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து சில்லும் நீலத்தாளும் எடுத்து வந்து, மடித்து ஒட்டிக் காயப்போட்டு, குரோஸ் கணக்கில் எண்ணிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒரு குரோஸ் 144. திண்ணையில் பசைச் சட்டியைச் சுற்றி நாலைந்து பெண்கள், நடுவில் ஒரு டிரான்சிஸ்டர், அதில் இலங்கை வானொலி. கை தானாக மடிக்கும், காது பாட்டில் இருக்கும். ஒருநாள் பாட்டின் நடுவில் வந்து உட்கார்ந்த பக்கத்து வீட்டக்கா கேட்டது நினைவிருக்கிறது.

“மதினி, யாரு பாட்டு ஓடுது?”

“எம்சியாரு பாட்டுத்தான். கேட்டாத் தெரியலையாக்கும்?”

பாடிக்கொண்டிருந்தவர் மதுரையில் பிறந்த டி.எம். சௌந்தரராஜன். அந்தத் திண்ணையில் அவர் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சிவாஜிக்கும் அவர்தான் பாடினார். அதைக் கேட்டால் “சிவாசி பாட்டு” என்பார்கள். இரண்டும் ஒரே தொண்டை என்று சொன்னால் நம்பமாட்டார்கள், அல்லது நம்ப விரும்பமாட்டார்கள். டி.எம்.எஸ். ஆரம்பத்தில் பாகவதரைப் போலவே பாடிக்கொண்டிருந்தவர் என்பது இந்தக் கதையின் வினோதம். பாகவதரின் பாட்டுமுறைக்கு வாரிசு கிடைத்தது, பாகவதருக்கு இடம் கிடைக்கவில்லை.

பாகவதரிடம் எல்லாமே ஒரே தொண்டையில் இருந்தது. காலம் அந்தத் தொண்டையைத் தாண்டியதும் எல்லாமே ஒன்றாகப் போயிற்று. அவர் குரலில் ஒரு கீறலும் விழாமலே போயிற்று. எம்.ஜி.ஆரிடம் பாட்டு டி.எம்.எஸ். தொண்டையில், சொல் வாலி போன்ற கவிஞர்களின் பேனாவில், முகம் சுவரொட்டியில், சண்டை அவர் கையில். பேச்சு ஒன்றுதான் உடைந்தது. ‘காவல்காரன்’ பாட்டுகள் இலங்கை வானொலியில் வந்தபோது திண்ணையில் யாருக்கும் குரல் மாறியதாகப் படவில்லை. மாறவும் இல்லையே!

விசுவநாததாஸிடமும் எல்லாம் ஒரே தொண்டைதான். சாத்தூர்ப் பெரியவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய மீதிப் பதில் கிட்டத்தட்ட இது. கிட்டத்தட்ட என்கிறேன், ஏனென்றால் அவர் விஷயத்தில் சாதியும் சேர்கிறது. மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு ஜோடி சேர மறுத்த ஸ்திரீபார்ட்டுகள் உண்டு. போன வாரமே எழுதியதால் இங்கே விரிக்கவில்லை.

‘காவல்காரன்’ படத்துக்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1972-ல் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கினார், ரசிகர் மன்றங்கள் பல ஊர்களில் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிக்கொண்டு கட்சிக் கிளைகளாயின. 1977 தேர்தலில் நிற்க அவர் தேர்ந்தெடுத்தது நம் அருப்புக்கோட்டை. அப்போது இதெல்லாம் ராமநாதபுரம் ஜில்லா. 29 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டில் ஜெயித்து முதலமைச்சரானார். காமராஜர் கேட்ட கேள்விக்குக் காமராஜர் ஊருக்குப் பக்கத்து ஊரே பதில் சொன்னது என்று சிலர் எழுதினார்கள். காமராஜர் அதற்கு இரண்டு வருஷம் முன்பே கண்ணை மூடியிருந்தார். 1984-ல் அமெரிக்காவில் சிகிச்சையில் இருந்தபடியே எம்.ஜி.ஆர். ஆண்டிபட்டியில் நின்றபோது, ஆஸ்பத்திரியில் அவர் இருக்கும் வீடியோவை ஊர் ஊராகக் காட்டினார்கள். 1967-ன் போஸ்டர்தான், இந்த முறை அசைந்தது.

இதே கதை தலைகீழாக நடந்ததையும் நம் ஊர் பார்த்தது. கறுப்பு எம்.ஜி.ஆர். என்று பெயர் வாங்கிய விஜயகாந்த் 2005-ல் கட்சி தொடங்கினார். 2011-ல் 29 இடங்களோடு எதிர்க்கட்சித் தலைவர். 2016-ல் உளுந்தூர்பேட்டையில் டெபாசிட்டே போயிற்று. கூட்டணிக் கணக்கு தப்பியது ஒரு காரணம். இன்னொன்று அவர் பேச்சு. உடல்நலம் கெட்டு நாக்குக் குழறத் தொடங்கியபோது, அந்தத் துண்டுகளை வெட்டி வெட்டி டி.வி.யிலும் செல்போனிலும் ஓட்டினார்கள். நாடு சிரித்தது, பொய் சொல்வானேன், நானும் சிரித்தேன். எம்.ஜி.ஆரின் குழறலுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கட்டு நடந்து போயிருந்தது. விஜயகாந்தின் குழறலுக்கு முன்னால் எதுவும் போகவில்லை. ஜனங்கள் தங்களுக்குத் தோன்றிய காரணத்தை ஒட்டிக்கொண்டார்கள்.

2023 டிசம்பர் 28-ல் அவர் இறந்தார். அன்றிரவிலிருந்து அதே செல்போன்களில் வேறு துண்டுகள் ஓடத் தொடங்கின: வந்தவர்களுக்கெல்லாம் அவர் சாப்பாடு போட்ட கதைகள். நாலு மாதத்தில் நாடாளுமன்றத் தேர்தல். விருதுநகர்த் தொகுதியில் சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, விருதுநகர் இவற்றோடு திருமங்கலமும் திருப்பரங்குன்றமும் சேரும். அவர் மகன் விஜய பிரபாகரன் அங்கே நின்றார். காங்கிரஸ் மாணிக்கம் தாகூர் 3,85,256. விஜய பிரபாகரன் 3,80,877. வித்தியாசம் 4,379. ‘சித்தி’ தொடரால் வீட்டுக்கு வீடு முகம் தெரிந்த ராதிகா பா.ஜ.க. சார்பில் நின்று 1,66,271 ஓட்டோடு மூன்றாவதாக வந்தார். சாயங்காலம் சீரியல் பார்த்த பெண்கள் எல்லோரும் பகலில் ஓட்டுப் போட்டுவிடுவார்கள் என்று எண்ணியவர்கள் தீப்பெட்டித் திண்ணையில் ஒருநாள்கூட உட்கார்ந்திருக்கமாட்டார்கள். பார்ப்பது வேறு கணக்கு, ஓட்டுப் போடுவது வேறு கணக்கு. அந்தப் பெண்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் போடுவார்கள். ஏஜெண்டுகள் அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பார்கள். தேர்தல் முடிந்த அந்த ஆடியில் தெரிந்த தம்பி ஒருவர் கடையில் உட்கார்ந்து ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளையார், முருகன், லட்சுமி, இயேசு, காமராஜர், இயற்கைக்காட்சி.

“விசுவநாததாஸ் படம் போட்டதுண்டா தம்பி?” என்றேன்.

“யாருண்ணே அது?”

சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “நம்ம சிவகாசிக்காரரா! நல்ல போட்டோவா இருந்தா குடுங்கண்ணே, ஒரு டிசைன் போட்டுப் பார்ப்போம். ஆர்டர் வந்தா வரட்டும்.”

திருமங்கலத்தில் அவருக்கு நினைவில்லம் இருக்கிறது, அங்கே போய்க் கேட்டு வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த ஆல்பத்துக்குப் படம் பொறுக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் இன்னும் திருமங்கலம் போகவில்லை.

(தொடரும்)